பட்டை வாங்கப் போய் சட்டை வாங்கிய கதை

ஒரு ஞாயிற்றுக்கிழமை குருமாவுக்குப் பட்டை தீர்ந்துபோய், அம்மா அப்பாவைக் கடைக்கு அனுப்பினார். ஒரு மணி நேரம் கழித்து அப்பா புதுச் சட்டையோடு வந்து நின்றார். கட்டம் போட்டது, முழுக்கை. "இப்ப எதுக்குச் சட்டைன்னு எனக்கும் ரோசனைதான். நீ சொன்னா காரணம் இருக்கும்னு வாங்கிட்டு வந்துட்டேன்" என்றார். குருமா பட்டை இல்லாமலேயே கொதித்தது. காது டெஸ்டை இனியும் தள்ளிப்போட முடியாது என்று அன்றைக்குத்தான் முடிவானது.

அப்பா கோயம்புத்தூர் சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் 31 வருடம் ஃபிட்டர். ஸ்பின்னிங்கில் மெஷின் ஓடும்போது காதோடு வாய் வைத்துக் கத்தினால்தான் பேச்சு, இல்லாவிட்டால் கை ஜாடை. சுற்றிலும் மூட்டை மூட்டையாய்ப் பஞ்சு, காதில் வைக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. (வைத்திருந்தாலும் பிரயோசனம் இல்லையாம். வெறும் பஞ்சு அந்தச் சத்தத்தை அவ்வளவாகத் தடுக்காது.)

மில் மூடியதும் சங்கும் நின்றுபோனது. அதன்பிறகு எங்கள் வீதிக்கு நேரம் சொன்னது அம்மாதான். காலை ஆறு மணிக்கு "ஏனுங்க, காப்பி!" ராத்திரி எட்டு மணிக்கு "ஏனுங்க, மாத்திரை போட்டீங்களா?" அம்மா 'ஏனுங்க' என்றால் வீதியில் போகிற நாலு ஆம்பளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். அப்பா திரும்பமாட்டார்.

டெஸ்டுக்குப் புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வந்தார். சின்னக் கண்ணாடி அறையில் உட்கார வைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்கள். அப்பா கேட்காதபோதும் இடையிடையே அமுக்கினார். எதற்கென்றால், "எதுக்கும் இருக்கட்டும்னுதான்" என்றார். ரெண்டாவது தடவை எடுத்த பிறகு ஆடியோகிராம், அதாவது எந்தச் சத்தம் எவ்வளவு கேட்கிறது என்று கோடு போட்டுக் காட்டும் தாள், கைக்கு வந்தது. வலது காதுக்குச் சிவப்பில் வட்டம், இடது காதுக்கு நீலத்தில் பெருக்கல் குறி. உலகம் பூராவும் அப்படித்தான் குறிப்பார்கள். அப்பா தாளை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு காதுக்குப் பூராவும் சைபர். இன்னொரு காதுக்குப் பூராவும் தப்பு."

டெஸ்ட் எடுத்த பெண், கோடு 4000 ஹெர்ட்ஸ் பக்கம், அதாவது கீச்சென்ற ஒலிகள் இருக்கிற இடத்தில், கிணற்றுப் படி மாதிரி இறங்குவதைக் காட்டினார். சத்தத்திலேயே வேலை செய்தவர்களுக்கு முதலில் அடிபடுவது அந்த இடம்தானாம். ஆ, ஊ, ஓ எல்லாம் கனத்த ஒலி, அவை காதில் விழுந்துவிடும். க், ச், ட், ப் மாதிரி மெல்லிசாகக் கீறிவிட்டுப் போகிற ஒலிகள்தான் நழுவும். "ஐயாவுக்குச் சத்தம் கேக்குதுங்க, எழுத்துதான் கேக்கறதில்லை. பட்டை, சட்டை, கட்டை எல்லாம் அவருக்கு ஒண்ணுதான்."

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அப்ப வேணும்னு பண்ணலியா இத்தனை வருசமா?" என்றார்.

காதுக்குப் பின்னால் மாட்டுகிற மெஷின், ரெண்டு காதுக்கும். விலைக்கு ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கியிருக்கலாம். முதல் வாரம் வீட்டுக்குள்ளே மட்டும், தினமும் ரெண்டு மூணு மணி நேரம். அப்புறம் டிவி, அப்புறம் வீதி. கூட்டம் கடைசியில்தான். வருசக்கணக்காக வராத சத்தத்தை மூளை மறந்திருக்கும், எது ஃபேன், எது பேச்சு என்று பிரிக்க மறுபடி பழகவேண்டும், சில வாரம் ஆகும் என்று பொறுமையாகச் சொன்னார்கள்.

அப்பா மூன்றாவது நாளே ஒன்றுவிட்ட தங்கை மகள் கல்யாணத்துக்கு மாட்டிக்கொண்டு போனார். மேடைக்குப் பக்கத்தில் சேர். தவில்காரர் கெட்டிமேளத்தைக் கொட்டினார். தாலி கட்டுவதற்குள் மெஷின் ரெண்டும் சட்டைப் பைக்குள் போய்விட்டன. அங்கிருந்து பீரோவுக்கு. ஒரு மாசம் வெளியே வரவில்லை.

திரும்ப ஆரம்பித்தது என் மகள். தினமும் சாயங்காலம் தாத்தாவுக்கு எதிரே உட்கார்ந்து அரைமணி நேரம் பேப்பர் வாசித்தாள். இந்தத் தடவை அப்பா ஒழுங்காகவே பழகினார். என்ன, காதைவிட அவருக்குள் இருந்த ஃபிட்டர் முதலில் முழித்துக்கொண்டார். "ஃப்ரிட்ஜ் உறுமுது, கம்ப்ரசர் போச்சு" என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டார். வந்தவர், இது பதினோரு வருசமாக இப்படித்தான் உறுமுகிறது என்று சொல்லிவிட்டு முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். அப்புறம் கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய். முறுக்கு கடித்தால் மண்டைக்குள் ஜல்லி உடைக்கிறது, தன் குரலே குடத்துக்குள்ளிருந்து வருகிறது என்றார். தலைப்பாகைத் துண்டு மெஷின் மேல் பட்டால் அது கீச்சென்று விசில் அடிக்கும். ஒருநாள் அம்மா அதையும் குக்கர் கணக்கில் சேர்த்து மூணு விசிலில் அடுப்பை அணைத்துவிட்டார். மதியம் சோறு அரைவேக்காடாக இருந்தது.

பேட்டரி கதை தனி. துளியூண்டு பேட்டரி, மேலே ஆரஞ்சு ஸ்டிக்கர். அதை உரித்தால் காற்று உள்ளே போய் வேலையை ஆரம்பித்துவிடும், அப்புறம் மாட்டினாலும் மாட்டாவிட்டாலும் தீர்ந்துகொண்டேதான் இருக்கும். மில்லில் முன்கூட்டியே பராமரிப்பு செய்து பழகிய மனுஷன், ஆறு பேட்டரிக்கும் ஒரே நாளில் ஸ்டிக்கரை உரித்து டப்பாவில் அடுக்கி வைத்துவிட்டார்.

ஆனால் பழகச் சிரமப்பட்டது அப்பா இல்லை, அம்மா. அடுப்படியிலிருந்து பேசாதீங்க, கிட்ட வந்து, முகத்தைப் பார்த்து, நிதானமாகப் பேசுங்க, கத்தினால் அந்தக் காதில் சத்தம் சிதறித்தான் விழும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அம்மாவுக்குத் தொண்டையில் ஒரே ஒரு சுவிட்ச்தான். "காப்பி" என்று வாயைத் திறந்தாலே அப்பா ரெண்டு கையாலும் காதைப் பொத்துவார். "மெதுவாப் பேசினா யாரோ செத்த வீட்டுல இருக்கற மாதிரி இருக்குது கண்ணு" என்று என்னிடம் வந்து, அதையும் கத்தித்தான் சொன்னார். ஒரு மாசம் ஆனது. இப்போது பக்கத்தில் போய் உட்கார்ந்து, தோளைத் தொட்டு, "ஏனுங்க, மாத்திரை" என்கிறார். அடுத்த அறையில் இருக்கிற எனக்கே கேட்பதில்லை.

போன புதன்கிழமை எதிர்வீட்டு மாமா வாசலில் வந்து நின்றார். முகம் வாடியிருந்தது.

"அம்மணி, நான் ஒண்ணு கேட்டா தப்பா நினைச்சுக்காதே. எட்டு மணிக்கு நீ கத்துவியல்ல, அதை வெச்சுத்தான் நானும் பிரஷர் மாத்திரை போட்டுட்டு இருந்தேன். நாலு நாளா போடவே மறந்துபோச்சு. டாக்டர் வையறாரு."

அம்மாவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டுமே. அன்றிலிருந்து தினமும் எட்டடிக்க ரெண்டு நிமிஷம் இருக்கும்போது முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டுக்குப் போகிறார். அப்பா அதைப் பார்த்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, மெஷின் ரெண்டையும் கழற்றி டப்பாவில் போட்டு மூடுகிறார்.