மெஷினுக்கு ஏது லக்கு?

மதுரைப் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல லேப் பாத்துக்கிட்டு இருந்தேன், பேரு வேண்டாம். சிம்போசியத்துக்கு பசங்க எழுதுன செஸ் புரோகிராமுகள மோதவிட்டோம். எட்டு டீம், அஞ்சு ரவுண்டு, ஆளுக்கொரு சிஸ்டம், எதிராளி மூவை கையால டைப் அடிக்கணும். "மனுசன் ஆடுனாத்தான்ப்பா லக்கு, மெஷினுக்கு ஏது"ன்னாரு ஹெச்ஓடி, நானும் தலையாட்டிட்டேன்.

திருப்பரங்குன்றத்துப் பையன் ஒருத்தன் நாலுக்கு நாலு ஜெயிச்சு கடைசி ரவுண்டுக்கு உக்காந்தான். கரண்ட் ஒரு சிமிட்டு சிமிட்டுச்சு, மத்த யூபிஎஸ் எல்லாம் தாங்கிருச்சு, இவன்து மட்டும் கீன்னு கத்திட்டு அடங்கிருச்சு. பேட்டரி போயி ரெண்டு மாசம், புதுசு வாங்கச் சொல்லி இன்டென்ட் போட்டும் வரல. திரும்ப ஆன் பண்ணி பொசிஷன ஏத்துறதுக்குள்ள கிளாக்குல முக்காவாசி காலி, அதுவரைக்கும் யோசிச்சு மெமரில வச்சிருந்ததும் போச்சு, அவசரத்துல ஒரு மூவ் போட்டுச்சு பாருங்க, யானை சும்மா போச்சு. மூணரை பாயின்ட்ல இருந்த எதிராளி நாலரைக்குப் போயி கப்பைத் தூக்கிட்டான்.

பெறகுதான் 1995 ஹாங்காங் கதையப் படிச்சேன். கம்ப்யூட்டர் செஸ் உலக சாம்பியன்ஷிப், அங்கிட்டும் அஞ்சே ரவுண்டுதான். ஐபிஎம்மோட செஸ் கம்ப்யூட்டர் டீப் புளூவோட புரோட்டோடைப் கடைசி ரவுண்டுல ஃபிரிட்ஸ்ங்கிற புரோகிராம்கிட்ட தோத்துச்சு, மெஷின் இருந்தது அமெரிக்காவுல, ஆட்டத்துக்கு நடுவுல லைன் வேற கட்டாகிருச்சு. சாதாரண பென்டியம்ல ஓடுன ஃபிரிட்ஸ் சாம்பியன். ரெண்டே வருசத்துல உலக சாம்பியன் காஸ்பரோவையே சாய்ச்ச வம்சம்ங்க அது!

மனசு கேக்கல. அந்த சனி ஞாயிறு இவன்து, கப்பைத் தூக்குனவன்து, ரெண்டு புரோகிராமையும் ஒரே சிஸ்டத்துல ஓடவிட்டேன். மொதல்ல ரெண்டும் சொல்லிவச்ச மாதிரி ஒரே ஆட்டத்தையே திரும்பத் திரும்ப ஆடுதுக, சிரிப்பா வந்துச்சு. அப்புறம் ஓபனிங்க மாத்தி மாத்திக் குடுத்து, ஒவ்வொண்ணையும் வெள்ளை கறுப்பு மாத்தி ரெண்டு தடவை. ஸ்டாக்ஃபிஷ்னு பெரிய செஸ் புரோகிராம் ஒண்ணு, அதை எழுதுறவங்க ஒரு சின்ன மாத்தம் தேறுமான்னு பாக்கவே இப்படி ஆயிரக்கணக்குல ஓட்டுறாங்க, நமக்கு 400தான் முடிஞ்சது. திருப்பரங்குன்றத்தானுக்கு 251 பாயின்ட்.

சரி, நம்ம யூபிஎஸ்தான் அவன் கப்பப் பறிச்சதுன்னு நெனச்சுக்கிட்டே லிஸ்ட்ட உருட்டுறேன், நடுவுல ஒரு எடத்துல அவனே வரிசையா ஆறு தோத்திருக்கான். கரண்டும் போகல, ஒண்ணும் போகல. சிம்போசியம் அன்னைக்கு அந்த ஆறு வந்திருந்தா யாரும் கேள்வியே கேட்டிருக்க மாட்டோம்.

பிரிண்ட் எடுத்து அவன்கிட்ட குடுத்தேன். 251ஐ ஒரு பார்வை பாத்துட்டு மடிச்சு பாக்கெட்ல வச்சான்.

அடுத்த வருசமும் பேரு குடுக்க வந்தான். "அண்ணே, பேட்டரி மாத்தியாச்சா?"

"இன்டென்ட் போட்டிருக்கேன்பா."