ஆறு அடுப்புக்கு ஒரு ஆள்

சாதாரண ஓட்டலில் சர்வீஸ் மோசமாக இருந்தால் தண்ணீர் வராது, ஆர்டர் மறந்துபோகும், பில் வருவதற்குள் குழந்தை தூங்கிவிடும். ஆனாலும் வந்து சேர்ந்த பிரியாணி பிரியாணியாகத்தான் இருக்கும். கொரியன் பார்பிக்யூ கடையில் அந்த ஆறுதல் கிடையாது. பாதிச் சமையல்தான் கிச்சனில் முடிகிறது. மீதிப் பாதி, சாப்பிட வந்தவரின் மேஜையில் அவர் கண் முன்னாலேயே நடக்கிறது. அந்தப் பாதிக்கு ஆள் வரவில்லை என்றால் கறி கருகும். கருகியதற்கும் சேர்த்துத்தான் பில்.

சென்னையில் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கம் அப்படியொரு கடையில் கேப்டனாக வேலை பார்த்தேன். கடையின் பெயர் இங்கே வேண்டாம். கேப்டன் என்றதும் பெரிய பதவி என்று நினைத்துவிடாதீர்கள். ஆர்டர் எடுக்க வேண்டும், கே.ஓ.டி. என்கிற ஆர்டர் சீட்டை அடித்து கிச்சனுக்கு அனுப்ப வேண்டும், சர்வீஸ் பையன்களை மேஜைக்கு மேஜை விரட்ட வேண்டும், யாராவது குரலை உயர்த்தினால் முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டும். காலை பதினொன்றிலிருந்து மதியம் மூன்றரை வரை, அப்புறம் சாயங்காலம் ஆறரையிலிருந்து கடை சாத்தும் வரை. பிரேக் ஷிஃப்ட் என்பார்கள். நடுவில் கிடைக்கும் மூன்று மணி நேரம் ரூமுக்குப் போய்வரவே சரியாக இருக்கும்.

இந்தக் கடைகளில் ஒரு மேஜைக்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்பது சாப்பிடுகிறவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. பின்கட்டில் கரியைப் பற்றவைத்து, அது செக்கச்செவேலென்று கனிந்த பிறகு இரும்புச் சட்டியோடு கொக்கியில் தூக்கி வந்து மேஜைக் குழியில் இறக்குவார்கள். அதன்மேல் கிரில் தட்டு. மேலிருந்து தொங்கும் புகைக்குழாயைக் கீழே இழுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் புகை மூஞ்சியில் அடிக்கும். தட்டு நன்றாகக் காயும்வரை கறியைப் போடக் கூடாது, போட்டால் ஒட்டிக்கொள்ளும். பன்றியின் வயிற்றுப் பகுதியை நீளத் துண்டாக வெட்டி வைத்திருப்பார்கள், அதுதான் சம்க்யொப்சல். ஒரு பக்கம் நிறம் மாறியதும் திருப்பிப் போட்டு, மறுபக்கமும் சிவந்த பிறகு இடுக்கியால் பிடித்துக் கத்தரிக்கோலால் வாய்க்கு அளவான துண்டுகளாக நறுக்க வேண்டும். சொட்டும் கொழுப்பு கரியில் விழுந்து குப்பென்று தீ எழும். அப்போது கறியை ஓரத்துக்குத் தள்ளத் தெரிய வேண்டும். கொழுப்பு வடிகிற பக்கம் கிம்ச்சியையும் (காரம் போட்டுப் புளிக்கவைத்த முட்டைக்கோஸ்) காளானையும் போட்டு வதக்கினால் அது தனி ருசி.

இது முதல் சுற்று. அடுத்து கல்பியோ புல்கோகியோ வரும். அது சோயா சாஸ், சர்க்கரை, பேரிக்காய்ச் சாறு எல்லாம் போட்டு ஊறவைத்த கறி. ஏற்கெனவே கொழுப்பும் கரியும் பிடித்த தட்டில் அதைப் போட்டால் சர்க்கரை கருகிக் கசப்பேறிவிடும். எனவே தட்டை மாற்றியே ஆக வேண்டும். கொதிக்கிற தட்டை எடுத்துவிட்டுப் புதியது வைக்க வேண்டும். எடுத்த தட்டை வெந்நீரில் ஊறப்போட்டுத் தேய்க்கப் பின்னால் ஓர் ஆள் வேண்டும். இதற்கு நடுவே கிம்ச்சி, முளைகட்டிய பயறு, முள்ளங்கி என்று குட்டிக் கிண்ணங்களில் வைக்கும் பான்சான் தீரத் தீர நிரப்ப வேண்டும், லெட்டூஸ் கொண்டுவர வேண்டும். கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஒரு மேஜைக்குப் பையன் குறைந்தது ஆறேழு முறை வந்தாக வேண்டும். அதுவும் அவனுக்கு நேரம் கிடைக்கும்போது வந்தால் ஆகாது, கறிக்கு வேண்டிய நேரத்தில் வர வேண்டும்.

எங்கள் கடையில் ஆறு மேஜைக்கு ஒரு பையன்.

இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். முதலாளியின் கஞ்சத்தனம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். அது பாதி உண்மைதான். மீதிப் பாதிக்கு வேறு கதை இருக்கிறது. ஹூண்டாய் 1996-ல் இந்தியாவுக்கு வந்து, 1998-ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ காரை வெளியே விட்டது. உதிரிபாகம் செய்கிற கொரியக் கம்பெனிகள் பின்னாலேயே வந்தன. 2007-ல் ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங். அந்த எஞ்சினியர்களுக்கும் மேனேஜர்களுக்கும் சோறு போடத்தான் சென்னையில் கொரியன் ஓட்டல்கள் முளைத்தன. அவர்கள் ஆபீஸ் ஆட்களாகச் சேர்ந்து வருவார்கள். பெரும்பாலும் கூட்டத்தில் இளையவர் யாரோ அவரே இடுக்கியையும் கத்தரிக்கோலையும் கையில் எடுத்துக்கொள்வார். பையன் கரி வைத்து, கறி வைத்து, கிண்ணங்களைப் பரப்பிவிட்டு ஒதுங்கி நின்றால் போதும். வேண்டுமென்றால் மேஜை மணியை அமுக்குவார்கள். அந்த ஆட்களுக்கு ஆறு மேஜைக்கு ஒருவன் தாராளம்.

அப்புறம் 2020 வந்தது. வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் கொரியன் சீரியல் பார்த்தார்கள். ஊரடங்கு தளர்ந்ததும் காலேஜ் பிள்ளைகள் வந்தார்கள், ஐ.டி. ஆட்கள் வந்தார்கள், அவர்கள் பின்னால் அப்பா அம்மாவும் வந்தார்கள். இவர்களில் யாரும் சாப்பாட்டு மேஜையில் அடுப்பு வைத்து வளர்ந்தவர்கள் கிடையாது. உட்கார்ந்தால் சாப்பாடு வரும் என்று எதிர்பார்த்தார்கள், அதில் என்ன தப்பு? பன்றிக்கறி வெந்ததா வேகவில்லையா என்ற பயம் வேறு. ஒரு துண்டைப் புரட்டக்கூடப் பையனைக் கூப்பிடுவார்கள். நாலு பேர் வந்தால் ஒருவர் சைவம், ஒருவர் மாட்டுக்கறி தொடமாட்டார். ஆக, தனித் தட்டு, தனி இடுக்கி. எல்லாம் நியாயமான கோரிக்கைகள்தான். வருகிற ஆட்கள் மாறிவிட்டார்கள். மெனு கார்டில் விலையும் மாறிவிட்டது. ஆறுக்கு ஒன்று என்பது மட்டும் மாறவில்லை.

பிரச்சினை எப்படி வெடிக்கும் என்பதற்கு ஒரு சனிக்கிழமை ராத்திரியைச் சொல்கிறேன். மகள் தன் முதல் வருமானத்தில் அப்பா அம்மாவை அழைத்து வந்திருந்தாள். அம்மா சைவம், அவருக்குக் காளானும் டோஃபுவும் தனிச் சட்டியில் கேட்டார்கள். கிச்சன் மனது வைத்துக் கொடுத்தது. முதல் சுற்று சம்க்யொப்சல் நன்றாகவே போனது. சரியாக அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் இரண்டு மேஜைகள் ஒரே சமயத்தில் நிறைந்தன. இவர்களின் கல்பி வந்துவிட்டது, தட்டை மாற்ற ஆள் வரவில்லை. மகள் மணியை அமுக்கினாள். கவுண்டர் மேலே இருக்கும் பலகையில் அவர்கள் மேஜை எண் எரிந்தது, கூடவே இன்னும் நாலைந்து எண்களும். பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே இடுக்கியை எடுத்து அதே தட்டில் கல்பியைப் போட்டாள். நான் இன்னொரு மேஜையில் ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தபோதே சர்க்கரை கருகும் வாசனை வந்தது. அந்த வாசனை பழகிவிட்டால் முதுகுப்பக்கத்திலிருந்து வந்தாலும் எந்த மேஜை என்று சொல்லிவிடலாம்.

அப்பா சத்தம் போடவில்லை. பில் வந்ததும் எழுந்து கவுண்டருக்கு வந்தார். “தம்பி, நாங்க சாப்பிட வந்தமா, சமைக்க வந்தமா?” என்று கேட்டார். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பில்லில் ஒரு வரியைக் காட்டினார். “இது என்ன, சர்வீஸ் சார்ஜா?”

அந்தக் கேள்விக்கு இரண்டு பக்கம் உண்டு. சட்டம் பின்னால் அவர் பக்கம்தான் நின்றது. சர்வீஸ் சார்ஜைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4-ல் சொன்னது. ஓட்டல் சங்கங்கள் டெல்லி உயர் நீதிமன்றம் போய் அதே மாதம் தடை வாங்கின. கடைசியில் 2025 மார்ச் 28-ல், ஆணையம் சொன்னது செல்லும் என்று அதே நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நான் சொல்லும் ராத்திரி, வழக்கு நடந்துகொண்டிருந்த காலம். மேனேஜரின் பாஸ்வேர்டு வாங்கி அந்த வரியை எடுத்துவிட்டு வேறு பில் கொடுத்தேன். கல்பிக்கும் காசு வாங்கவில்லை.

இன்னொரு பக்கம் அவருக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. எங்கள் கடையில் அந்தப் பணம் மாதக் கடைசியில் பாயிண்ட் கணக்கில் பிரிக்கப்படும். கேப்டனுக்கு இத்தனை பாயிண்ட், பையனுக்கு இத்தனை, பாத்திரம் தேய்ப்பவருக்கு இத்தனை என்று. உடைந்த கிண்ணம், கோப்பைக்கு ஒரு பங்கை முதலிலேயே கழித்துக்கொள்வார்கள். ஆள் போடாதது முதலாளி, அதற்கான தண்டனை பன்னிரண்டு மணி நேரம் ஓடின பையனின் பாயிண்டில் விழும். கொரியாவில் இந்தத் தலைவலியே இல்லை. டிப்ஸ் கொடுக்கும் பழக்கம் கிடையாது. 2013-லிருந்து வரியெல்லாம் சேர்த்த விலையைத்தான் மெனுவில் போட வேண்டும் என்பது அங்கே விதி. பான்சானை எத்தனை முறை கேட்டாலும் சும்மா கொடுப்பார்கள். ஆக, சர்வீஸ் சார்ஜ் நாங்களாகச் சேர்த்த மசாலா.

அன்றைக்கு அந்த மேஜையைப் பார்த்துக்கொண்டவன் மணிப்பூர்ப் பையன். அவனைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் கடையில் முன்னால் நிற்பவர்கள் எல்லோரும் மணிப்பூர், மிசோரம், டார்ஜிலிங் பக்கத்துப் பிள்ளைகள். கரி தூக்குகிறவர்களும் பாத்திரம் தேய்ப்பவர்களும் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்து ஆட்கள். முகத்தைப் பார்த்துத்தான் இந்தப் பிரிவினை, வேறு காரணம் ஒன்றும் கிடையாது. யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, எல்லோருக்கும் தெரியும். வாடிக்கையாளர்கள் அவனைக் கண்டதும் “அன்யோங்” என்று கொரிய மொழியில் ஹலோ சொல்வார்கள், கொரியாவா என்று கேட்பார்கள். “இம்பால் சார்” என்பான். சிலருக்கு முகம் சுருங்கிவிடும். இருந்தாலும் செல்ஃபி எடுப்பார்கள். அவன் இங்கே சிரித்துக்கொண்டு நிற்கும்போது பின்னால் இரண்டு அடுப்பில் கொழுப்பு தீப்பிடித்திருக்கும். இதில் வேடிக்கை என்னவென்றால், எங்கள் கடையிலேயே இடுக்கி பிடிக்க நன்றாகத் தெரிந்தவன் அவன்தான். கொஞ்ச காலம் எங்களோடு இருந்த வயதான கொரியச் சமையல்காரம்மாவை எல்லோரும் இமோ, அதாவது சித்தி, என்று கூப்பிடுவோம். சும்மா சும்மா புரட்டாதே என்று அவனுடைய புறங்கையில் தட்டியே சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். முகத்துக்காக எடுத்த ஆளிடம் கையும் இருந்தது. அந்தக் கைக்கு வேலை செய்ய நேரம் கொடுக்கத்தான் கடைக்கு மனம் வரவில்லை.

எல்லாப் புகாருக்கும் கடையே காரணம் என்று சொல்லமாட்டேன். கொரியச் சாராயமான சோஜு இல்லையா என்று கோபித்துக்கொண்டு போனவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் பார் லைசென்ஸ் உள்ள ஓட்டலோ கிளப்போ இல்லாமல் சோஜு ஊற்ற முடியாது, நாங்கள் என்ன செய்ய? கேட்டதெல்லாம் வாங்கிப் பாதியை வைத்துவிட்டு, பிடிக்கவில்லை, காசை எடுங்கள் என்றவர்களும் உண்டு. பையன்களிலும் மணி அடித்தால் காது கேட்காத மாதிரி நிற்கும் பேர்வழிகள் இருந்தார்கள். ஆனால் நல்ல பையனையே மூன்று வாரம் ஆறு அடுப்பில் விட்டுப் பாருங்கள், அவனும் கண்ணைப் பார்க்காமல் நடக்கப் பழகிவிடுவான். நின்று பார்த்தால் கூப்பிடுவார்கள் என்று தெரிந்துவிடும்.

கொரியாவிலும் சர்வீஸுக்கு ஆள் வைக்கும் செலவு ஏறிக்கொண்டுதான் போகிறது. 2025-ல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்குப் பத்தாயிரம் வோனைத் தாண்டிவிட்டது. அங்கே நிறையக் கடைகளில் மேஜையில் டேப்லெட் வைத்து ஆர்டரை வாடிக்கையாளரே போடச் சொல்கிறார்கள், பான்சானை ஒரு மூலையில் வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆள் இல்லை, நீங்களே செய்துகொள்ளுங்கள் என்பதை மறைக்கவில்லை. நாங்கள் ஆளையும் குறைத்தோம், குறைத்ததைச் சொல்லவும் இல்லை, பில்லில் சர்வீஸ் சார்ஜும் போட்டோம். அந்த அப்பாவுக்குக் கோபம் வந்தது கறி கருகியதால் மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வாரக் கடைசியில் மூன்று மேஜைக்கு ஒருவர், முடியாவிட்டால் வாசலிலேயே “நீங்களே சுடுகிறீர்களா, நாங்கள் சுட்டுத் தரட்டுமா” என்று கேட்டு, சுட்டுத் தரும் மேஜைகளைக் குறைவாக எடுப்போம் என்று மேனேஜரிடம் சொன்னேன். அவர் மேலே சொன்னார். மேலே இருந்து வந்தது ஒரு அட்டை. கறியை எப்படிச் சுடுவது என்று படம் போட்டு லேமினேட் செய்து மேஜைக்கு ஒன்று. எண்ணெயும், கறிக்குத் தொட்டுக்கொள்ளும் சம்ஜாங் விழுதும் பட்டு ஒரே வாரத்தில் படம் எதுவும் தெரியாமல் போனது. அதைத் துடைக்கும் வேலையும் பையன்களுக்கே வந்தது.

இப்போது வேறு இடத்தில் இருக்கிறேன், அடுப்பு இல்லாத கடை. நண்பர்கள் கொரியன் பார்பிக்யூ போகலாம் என்றால் வார நாளில் மதியம் கூட்டிப்போகிறேன். முதலில் சம்க்யொப்சல், கல்பி பிறகு. முதல் சுற்று முடிவதற்கு முன்பே “தட்டு மாத்தணும் தம்பி” என்று சொல்லி வைத்துவிடுவேன். இடுக்கியை நானே எடுத்துக்கொள்வேன். தட்டு மாற்றத் தனிக் காசு கேட்கும் கடையாக இருந்தால், ஆர்டர் போடாமலேயே எழுந்து வந்துவிடுவேன்.