போட்டோகிராஃபி டிப்ளமோ: ஒப்பீட்டு ரெக்கார்டில் மார்க் வாங்குவது எப்படி

பாலக்காட்டில் ஓராண்டு போட்டோகிராஃபி டிப்ளமோ முடித்த பிறகு, கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துப் பசங்க என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அண்ணா, அந்த ஒப்பீட்டு ரெக்கார்டில் என்னதான் எழுதுறது?" தியரிக்கு சீனியர்களின் நோட்ஸ் கிடைத்துவிடுகிறது. பிராக்டிகலுக்கு, ஏதாவது ஸ்டுடியோவில் கல்யாண வேலைக்குப் போய்வந்தாலே கை பழகிவிடும். இரண்டு கேமரா, இரண்டு லென்ஸ், இரண்டு எடிட்டிங் சாஃப்ட்வேர் எடுத்து ஒப்பிட்டு, பிரிண்டுகளோடு ரெக்கார்ட் கொடுத்து, அதை வைத்தே வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) பதில் சொல்ல வேண்டும் என்கிற இடத்தில்தான் நல்லாப் படிக்கிறவர்களும் தடுமாறுகிறார்கள்.

காரணம் எளிது. இணையத்தில் கிடைக்கிற விவரங்களை அட்டவணையாகப் போட்டு நாலு பக்கத்தை நிரப்பிவிடுகிறோம். கேனான் 1500டி-யில் 24.1 மெகாபிக்சல், 9 ஃபோகஸ் பாயிண்ட். சோனி ஏ6400-ல் 24.2 மெகாபிக்சல், 425 ஃபோகஸ் பாயிண்ட். கடைசியில் "சோனியே சிறந்தது" என்று ஒரு வரி. தேர்வாளருக்கு இந்த எண்ணெல்லாம் தெரியாதா என்ன? அவர் பார்ப்பது வேறு: எதை மாற்றினாய், எதை மாற்றாமல் வைத்தாய், கிடைத்த வித்தியாசம் யாருக்குப் பயன்படும். இந்த மூன்றுக்கும் ரெக்கார்டில் பதில் இருந்தால் கையெழுத்து சுமாராக இருந்தாலும் பரவாயில்லை.

லென்ஸிலிருந்து ஆரம்பிப்பது நல்லது. செலவு குறைவு, வித்தியாசம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். நான் எடுத்துக்கொண்டது கேனானுடன் வரும் 18-55 எம்எம் கிட் லென்ஸும், தனியாக வாங்கிய 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸும். வரி விளம்பரப் பக்கமாகப் பார்த்துத் தினசரித் தாளை எடுத்து, சுவரில் சுருக்கம் இல்லாமல் ஒட்டினேன். டிரைபாடில் கேமராவை வைத்து, தாளுக்கு நேராக, சாயாமல் நிறுத்தி, 18-55-ஐயும் 50-க்குத் திருப்பி, இரண்டிலும் ஒவ்வொரு அப்பர்ச்சராக (லென்ஸின் திறப்பளவாக; எஃப் எண் சின்னதாக இருந்தால் திறப்பு பெரிது) எடுத்துக்கொண்டே போனேன். வெளிச்ச உணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 100-ஐ மாற்றவில்லை. லைவ் வியூவில் பெரிதாக்கி, கையால் ஃபோகஸ் செய்து, இரண்டு நொடி டைமரில் ஷட்டர். டிரைபாடில் இருக்கும்போது கை ஆட்டத்தைச் சரிசெய்யும் லென்ஸின் ஸ்டெபிலைசரை அணைத்துவிட வேண்டும். இதை எழுதி வைத்தால் வைவாவில் ஒரு கேள்வி குறையும்.

படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்க்கும்போது நடுவை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள். எஃப் 1.8-ல் நடுவில் இருக்கும் "வீட்டுமனை விற்பனைக்கு" பளிச்சென்று படிக்க வரும். மூலையில் அதே அளவு எழுத்தின் சுழி கரைந்து, 'ண'வா 'ன'வா என்று சந்தேகம் வரும். அப்பர்ச்சரைக் குறைத்துக்கொண்டே வந்தால் எஃப் 4, எஃப் 5.6-ல் மூலையும் தெளிந்துவிடும். எஃப் 16, 22 போகப் போக மொத்தப் படமும் மறுபடி லேசாக மங்கும். டிஃப்ராக்‌ஷன் என்று பாடத்தில் படிப்பது இதுதான். தாளில் பார்த்தபின் அந்தப் பாடம் மறக்காது.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. 50 எம்எம்-ல் கிட் லென்ஸின் முழுத் திறப்பே எஃப் 5.6. ஜூம் இல்லாத பிரைம் லென்ஸான 50 எஃப் 1.8-ஓ அதே 5.6-க்கு வரும்போது மூன்று ஸ்டாப்புக்கு மேல் இறங்கி (ஒரு ஸ்டாப் இறங்கினால் வெளிச்சம் பாதி), தன் நல்ல நிலையில் இருக்கிறது. ஆகவே 5.6-ல் வைத்து ஒப்பிட்டால் கிட் லென்ஸுக்கு அநியாயம். எஃப் 8-லும் இரண்டையும் எடுத்துப் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டுங்கள். வித்தியாசம் நாம் நினைத்ததைவிட மிகக் குறைவாக இருக்கும். அப்படியென்றால் 50 எஃப் 1.8-ஐ எதற்கு வாங்குவது? வெளிச்சத்துக்காக. மங்கலான மண்டபத்தில் கிட் லென்ஸ் 1/15 நொடி கேட்கும் இடத்தில் இது 1/125 கொடுக்கும். திரும்பிச் சிரிக்கிற மணப்பெண் 1/15-ல் கலங்கிவிடுவாள், 1/125-ல் நிற்பாள். ஷார்ப்னெஸைவிட இந்த ஒரு வாக்கியம் ரெக்கார்டில் அதிக மதிப்பு.

நிறப்பிசிறு பார்க்க நம்ம ஊரில் தனியாக எதுவும் வாங்க வேண்டாம். சித்தூர் தாண்டினாலே வயல் வரப்பு முழுக்கப் பனைமரம். மேகமூட்டமான நண்பகலில், வெள்ளை வானத்தின் முன்னால் பனையோலையின் நுனிகளை முழுத் திறப்பில் எடுங்கள். ஓலை விளிம்பில் ஊதாக் கோடும், சில இடத்தில் பச்சைக் கோடும் ஓடும். ஃபிரேமின் நடுவில் ஒன்று, மூலையில் ஒன்று என்று எடுத்தால் போதும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் மாதங்களில் ஓலை ஒரு நொடி சும்மா இருக்காது. 1/1000-க்குக் குறையாத ஷட்டர் வையுங்கள். இல்லாவிட்டால் காற்றின் குற்றத்தை லென்ஸின் மேல் எழுதிவிடுவீர்கள். நேர்க்கோடு வளைகிறதா என்று பார்க்க ஏதாவது ஒரு கதவுச் சட்டத்தை 18 எம்எம்-ல் எடுங்கள், அது போதும்.

கேமரா ஒப்பீடு இதைவிடச் சிக்கல். இரண்டு கேமராவிலும் அதனதன் கிட் லென்ஸைப் போட்டு எடுத்தால், தெரிகிற வித்தியாசம் கேமராவினுடையதா லென்ஸினுடையதா என்று சொல்ல முடியாது. தேர்வாளர் முதலில் கை வைக்கிற இடமும் இதுதான். நான் என் 1500டி-யையும், கோவையில் கல்யாண வேலை பார்க்கும் நண்பரின் ஏ6400-ஐயும் எடுத்தபோது, அடாப்டர் போட்டு அதே 50 எம்எம் லென்ஸை இரண்டிலும் மாட்டினேன். கேனான் இஎஃப் மவுண்ட்டில் (லென்ஸ் மாட்டும் வளையத்தில்) லென்ஸின் பின்பக்கத் தளத்திலிருந்து சென்சாருக்கு 44 மி.மீ.; சோனி ஈ மவுண்ட்டில் 18 மி.மீ.தான். நடுவில் 26 மி.மீ. இடம் இருப்பதால் அடாப்டர் உட்கார்கிறது. சோனி லென்ஸை 1500டி-யில் மாட்ட முடியாததும் இதே கணக்கால்தான். இதை நீங்களாகவே ரெக்கார்டில் எழுதியிருந்தால், வைவாவில் ஃபிளாஞ்ச் தூரம் (இந்த 44, 18 மி.மீ. இடைவெளிதான் அது) பற்றிய கேள்விக்குத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இரண்டும் ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃபிரேமைவிடச் சின்ன சென்சார்) என்றாலும், காட்சி எத்தனை மடங்கு குறுகும் என்பதைச் சொல்லும் கிராப் கேனானில் 1.6, சோனியில் 1.5, அதனால் ஒரே லென்ஸ் 80 எம்எம், 75 எம்எம் போலக் காட்டும். அதைச் சரிசெய்ய முன்னே பின்னே நகராதீர்கள். நகர்ந்தால் முகத்தின் பெர்ஸ்பெக்டிவ் மாறிவிடும். வித்தியாசத்தை ஒரு வரியில் எழுதிவிட்டு விட்டுவிடுங்கள்.

இருட்டில் சோதிக்கப் பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்துத் திண்ணைகள் அருமையான இடம். ஐப்பசிக் கடைசியில் வரும் தேர்க் கூட்டத்தில் சோதனை நடத்த முடியாது. அதற்கு முன் ஏதாவது ஒரு சாதாரண மாலையில், வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு எடுங்கள். விளக்கு வெளிச்சம், தூண் நிழல், உள்ளே இருட்டு எல்லாம் ஒரே ஃபிரேமில் கிடைக்கும். ஐஎஸ்ஓ 400-லிருந்து இரட்டித்துக்கொண்டே 6400 வரை போங்கள். 1500டி-யின் இயல்பான எல்லை 6400. சோனி 32000 வரை போகும் என்றாலும் ஒப்பீடு இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் நடக்க வேண்டும். திரையில் நூறு சதவீதத்தில் பார்த்தால் 1600-லேயே பொரி பொரியாக நாய்ஸ் தெரிந்து பயமுறுத்தும். அதையே 8×12 அங்குல பிரிண்ட் போட்டால் கை நீட்டும் தூரத்தில் பெரிதாகக் கண்ணுக்குப் படாது. பிரிண்டைத்தான் ரெக்கார்டில் ஒட்ட வேண்டும். கல்யாண ஆல்பம் வாங்குகிறவர் யாரும் நூறு சதவீதத்தில் பெரிதாக்கிப் பார்க்கப் போவதில்லை.

ஃபோகஸ் சோதனையை மட்டும் அடாப்டர் இல்லாமல், அதனதன் லென்ஸில் செய்யுங்கள். அடாப்டரில் ஆட்டோஃபோகஸ் தயங்கும். இந்த ஒன்றுக்குத் தேர்த் திருவிழாவே சரியான இடம். செண்டை அடிப்பவர்களின் முகம் கூட்டத்துக்குள் ஆடிக்கொண்டே வரும். 1500டி-யின் 9 பாயிண்டில் நடுப் பாயிண்டை வைத்துக்கொண்டு எடுத்துப் பழகியவருக்கு அது போதுமானது. ஆனால் முகம் ஓரத்துக்குப் போனால் கைவிட்டுவிடும். ஏ6400 கண்ணைப் பிடித்துக்கொண்டு கூடவே போகிறது. மறுபக்கம் பேட்டரி: கேமரா நிறுவனங்கள் பொதுவாகக் காட்டும் சிபா அளவுப்படி ஒரு சார்ஜில் 1500டி 500 படம், ஏ6400 திரையில் பார்த்து எடுத்தால் 410. காகிதத்தில் சின்ன வித்தியாசம்தான். ஆனால் ஏ6400 போன்ற மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவில் படம் எடுக்காமல் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாலும் பேட்டரி கரையும். விடியற்கால முகூர்த்தத்திலிருந்து வரவேற்பு வரை நிற்கிறவருக்கு இது பெரிய விஷயம்.

அப்புறம் கசவு, அதாவது ஜரிகைக் கரை வைத்த கேரள வெள்ளைத் துணி. வேறு ஊர் மாணவர்களுக்கு வாய்க்காத சோதனை இது. வெள்ளை நிறம் கேமராவின் வெளிச்ச மீட்டரை ஏமாற்றும் என்று புத்தகத்தில் இருக்கும். கசவுப் புடவை கட்டியவரை வெயிலில் நிறுத்தி ஆட்டோவில் எடுத்தால் நேரிலேயே தெரியும். எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும் மீட்டர், சந்தன வெள்ளையை அழுக்கு வெள்ளையாக்கிவிடும். எக்ஸ்போஷரில் பிளஸ் 1 (ஒரு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம்) கொடுத்தால் துணி சரியாகிவிடும், ஆனால் ஜரிகைக் கரை வெந்து வெள்ளையாகிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்கிறீர்கள் என்பதை ரா ஃபைலாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைலாக) எடுத்து வையுங்கள். சாஃப்ட்வேர் ஒப்பீட்டுக்கு அதே ஃபைல்தான் வேண்டும்.

சாஃப்ட்வேரில் பலர் லைட்ரூமையும் கிம்ப்பையும் ஒப்பிட்டு எழுதுகிறார்கள். கேரளப் பள்ளிகளில் ஐசிடி (கணினி) பாடத்தில் கிம்ப் தொட்டிருப்போம், அதனால் கை அங்கேதான் போகும். ஆனால் அந்த இரண்டும் ஒரே வேலைக்கானவை அல்ல. கிம்ப், போட்டோஷாப்பைப் போலப் பிக்சலில் வேலை செய்வது. ரா ஃபைலைத் தானாகத் திறக்காமல், ரா திருத்தும் சாஃப்ட்வேர்களான டார்க்டேபிளிடமோ ராதெரபியிடமோ அனுப்பும். லைட்ரூமுக்கு ஜோடி டார்க்டேபிள்தான். இரண்டும் மூல ஃபைலைத் தொடாமல், செய்த மாற்றங்களை மட்டும் தனியாகக் குறித்து வைப்பவை.

அதே கசவு ஃபைலை இரண்டிலும் திறந்தால் முதல் பார்வையில் ஒன்று பளிச்சென்றும் மற்றொன்று சப்பென்றும் இருக்கலாம். அதை வைத்துத் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அது ஆரம்ப அமைப்பின் வித்தியாசம். ஜரிகையில் போன விவரம் எவ்வளவு திரும்பி வருகிறது, நிழலைத் தூக்கும்போது நாய்ஸ் எப்படி இருக்கிறது, தென்னந்தோப்பில் முகத்தில் விழுந்த பச்சைச் சாயலை எத்தனை படியில் எடுக்க முடிகிறது என்பதைப் பாருங்கள். 14 பிட் ராவில் ஒரு சேனலுக்கு 16,384 படிநிலை, 8 பிட் ஜேபெக்கில் 256. பக்கத்திலேயே ஜேபெக்கிலும் இதே திருத்தத்தைச் செய்து ஒட்டினால் அந்த எண்ணுக்கு அர்த்தம் வரும்.

என் அபிப்பிராயம்: தரத்தில் டார்க்டேபிள் பின்தங்கியது இல்லை. இலவசம், லினக்ஸிலும் ஓடும். லைட்ரூம் லினக்ஸில் ஓடாது, சந்தாவும் கட்ட வேண்டும். ஆனால் டார்க்டேபிளில் ஒரே வேலைக்கு நாலைந்து மாட்யூல் இருப்பதால், புதியவர் எங்கே கை வைப்பது என்று முழிப்பார். ஆயிரக்கணக்கான கல்யாணப் படங்களில் நல்லதைப் பொறுக்க லைட்ரூம் எனக்கு வேகமாக இருந்தது. ஸ்டுடியோ வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு ஆல்பம் டிசைன் பெரும்பாலும் போட்டோஷாப்பில்தான் என்பதால், அதையும் ஓரளவு தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. சொந்தமாகச் சின்ன அளவில் தொடங்குபவருக்கு டார்க்டேபிளும் கிம்ப்பும் போதும் என்று ரெக்கார்டில் தயங்காமல் எழுதினேன். தேர்வாளர் அதைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினார்.

வைவாவில் கணக்கு கேட்பார்கள். எஃப் 4, 1/60 என்றிருப்பதை எஃப் 2.8 ஆக்கினால் ஷட்டர் எவ்வளவு? 1/125. 12×18 அங்குல ஆல்பம் பக்கத்துக்கு 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) எத்தனை பிக்சல்? 3600×5400, சுமார் 19 மெகாபிக்சல். ஆகவே 24 மெகாபிக்சல் கேமரா தாராளம். 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11 என்ற எஃப் எண் வரிசை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். வரலாற்றில் 1975-ல் கோடாக்கில் ஸ்டீவன் சாஸன் செய்த முதல் டிஜிட்டல் கேமரா, 1990-ல் வந்த போட்டோஷாப், இந்த அளவு போதும். கேள்வி மலையாளத்தில் வரும். தமிழ் கலந்து பதில் சொன்னதற்கு யாரும் முகம் சுளிக்கவில்லை.

லென்ஸை வாடகைக்கு எடுப்பவர்கள் வாங்கும்போதே டார்ச் அடித்து உள்ளே பார்த்துவிடுங்கள். ஜூன், ஜூலை ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை வலை பின்னுவது இங்கே சகஜம். அப்படிப்பட்ட லென்ஸில் கான்ட்ராஸ்ட் விழுந்துவிடும், உங்கள் ஒப்பீடும் வீண். சொந்த லென்ஸ் என்றால் காற்றுப் புகாத டப்பா, ஒரு பொட்டலம் சிலிக்கா ஜெல். நீல மணி இளஞ்சிவப்பானதும் சூடாக்கி ஈரத்தைப் போக்கினால் மறுபடி நீலமாகிவிடும். சூடாக்க வைத்திருக்கும் வாணலியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். ரெக்கார்ட் பிரிண்டுகளை லேபுக்கு எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிற அமைப்பில், லேபின் ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள். அவர்கள் பழக்கத்தில் நிறத்தைச் சரிசெய்து கொடுத்துவிட்டால் இரண்டு கேமராவும் ஒரே மாதிரி தெரியும்.