மொய் நோட்டில் ரோமானியர்

சென்னிமலையில் சித்தப்பா மகன் வீட்டுக் காதுகுத்து. மொய் எழுதுகிறவர் அதுவரை வந்த பணத்தைச் சித்தப்பாவிடம் எண்ணிக் கொடுத்துவிட்டு, "ஒரு வாய் சாப்பிட்டு வந்தர்றனுங்க" என்று பந்திக்குப் போனார். நோட்டு என் கைக்கு வந்தது. பக்கத்தில் நாலாவது படிக்கும் மகள். பேரை நான் எழுத, தொகையை அவள் எழுதுவதாக ஏற்பாடு. அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் ரோமன் எண் நடத்தியிருக்கிறார்கள் என்பது ஐந்து பேர் மொய் வைத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

501க்கு டிஐ, 1001க்கு எம்ஐ, 401க்கு சிடிஐ, 101க்கு சிஐ. எதிர்வீட்டு ஆத்தா வைத்த 21க்கு எக்ஸ்எக்ஸ்ஐ. ஆத்தா எட்டிப் பார்த்துவிட்டார்.

"ஏஞ்சாமி, என்ற பேருக்கு நேரா ரெண்டு தப்புப் போட்டிருக்கறே? நான் மொய் வெக்கிலியா?"

அது தப்பில்லை, பத்து என்று புரியவைப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

மொய் நோட்டில் அடித்துத் திருத்தக்கூடாது. சரி, கூட்டியாவது வைப்போம் என்று மகளுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தேன். ரோமானியருக்குப் பூஜ்யமும் கிடையாது, இட மதிப்பும் கிடையாது. எல்லா எழுத்தையும் ஒரே முறத்தில் கொட்டி, சில்லறை மாற்றுகிற மாதிரி மாற்ற வேண்டியதுதான். ஐந்து ஐ கொடுத்தால் ஒரு வி, இரண்டு வி-க்கு ஒரு எக்ஸ். மேலே போனால் ஐந்து சி ஒரு டி, இரண்டு டி ஒரு எம். மொய்க் கணக்குக்கு இதைவிடத் தோது வேறில்லை. ஆளுக்கொன்றாகச் சேர்த்து வைக்கிற அந்த ஒத்தை ரூபாய்கள் ஐ, ஐ என்று வரிசையில் நிற்கும். ஐந்தாவது ஆள் வந்ததும் வி ஆகிவிடும்.

கூட்டினேன். எம்எம்சிசிஎக்ஸ்எக்ஸ்வி, அதாவது 2225. பெட்டியில் இருந்தது 2025.

நடுவில் பெட்டிப் பக்கம் வந்தவர் மாமா ஒருவர்தான், அதுவும் பேனா எடுக்க. யாரும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் மாமாவை மட்டும் பார்த்தார்கள்.

"அப்பா, சிடிஐ-யை என்ன பண்ணுனீங்க?" என்றாள் மகள்.

ஐந்நூறு வைக்க மனசு வராத மச்சானின் 401 அது. பெரிய எழுத்துக்கு முன்னால் சின்னது நின்றால் கழிக்க வேண்டும். நானோ சி நூறு, டி ஐந்நூறு என்று இரண்டையும் முறத்தில் கொட்டிவிட்டேன். கொட்டுமுன் நாலு சி-யாகப் பிரித்திருக்க வேண்டும். பிரித்ததும் 101இன் சி-யோடு ஐந்தாகி ஒரு டி, ஏற்கெனவே இருந்த டி-யோடு சேர்ந்து ஒரு எம். எம்எம்எக்ஸ்எக்ஸ்வி. பைசா சுத்தம்.

"எங்கய்யன் ௪௱௧ன்னு எழுதுவாரு. நூத்துக்கு முன்னால நாலு நின்னா நானூறு. இவனுக எதுக்குக் கழிக்கறானுக?" என்றார் அப்புச்சி.

நம்ம வெள்ளலூரிலேயே ரோமானியக் காசு புதையலாகக் கிடைத்திருக்கிறது, அவர்கள் எழுத்தில் குறித்து வைத்தாலும் கணக்குப் பார்த்தது கல்லை நகர்த்தித்தான் என்று என் அறிவைக் காட்டினேன்.

"நீயும் கல்லையே நகத்தியிருக்கலாமல்ல?"

மாமா அதுவரை மொய் வைக்கவில்லை. நிதானமாகச் சட்டைப் பையைத் துழாவி, எண்ணி 499 ரூபாயை என் முன்னால் வைத்தார்.

"எங்கெ, எழுதுங்க மாப்ளே."

மகள் அதற்குள் பேனா மூடியைக் கழற்றிவிட்டாள்.