ரேங்க் கார்டுக்கு அப்பால்

பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுவது ஆசிரியர் பெருந்தன்மையாகச் செய்கிற காரியம் என்ற எண்ணம் ஆசிரியர் அறையிலும் உண்டு, வீட்டிலும் உண்டு. கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 24ஆம் பிரிவு அதை ஆசிரியரின் கடமையாகவே எழுதி வைத்திருக்கிறது. பிள்ளையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் கண்ட முன்னேற்றம் இவற்றைப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். மதிப்பெண் என்ற சொல்லே அந்த வரியில் இல்லை. நம் கூட்டங்களோ ரேங்க் கார்டில் கையெழுத்து வாங்குவதோடு முடிந்துவிடுகின்றன.

"பையன் சரியில்லைங்க, கவனமே இல்ல" என்றால் எதிரே நிற்கும் அம்மா தலைகுனிவதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்? "இந்த மாசம் 22 வேலை நாள்ல 15 நாள்தான் வந்திருக்கான். வராத 7 நாள்ல 4 திங்கட்கிழமை. கழித்தல் கணக்குல கடன் வாங்குற இடத்துல தடுமாறுறான்" என்று வருகைப் பதிவேட்டையும் கணக்கு நோட்டையும் விரித்துக் காட்டினால் பேச்சே மாறிவிடும். ஞாயிறு இரவு ஊரிலிருந்து திரும்பத் தாமதமாகிறது என்பது அப்போதுதான் வெளியே வரும். பேசி முடித்ததும் தேதியோடு இரண்டு வரி எழுதி, இருவரும் கையெழுத்திடுவது நல்லது. பின்னால் "எங்களுக்கு யாரும் சொல்லவே இல்லை" என்ற சண்டைக்கு இடமிருக்காது.

"கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று சொல்லும் அப்பாக்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த வார்த்தையை நம்பிப் பிரம்பை எடுக்கும் ஆசிரியருக்குச் சட்டத்தில் எந்தப் பாதுகாப்பும் இல்லை. 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது. பெற்றோர் சம்மதித்தால் அடிக்கலாம் என்ற விலக்கு அதில் கிடையாது. வரிசையில் நிற்கும் மற்றவர்கள் காதுபடப் பிள்ளையை மட்டம் தட்டுவதும் ஆபத்தான பழக்கம்தான்.

அடுத்த தகராறு டிசி. தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்புவரை, அரசுப் பள்ளிக்கோ உதவி பெறும் பள்ளிக்கோ மாற விரும்பும் பிள்ளைக்குத் தலைமையாசிரியர் உடனே டிசி தர வேண்டும் என்கிறது 5ஆம் பிரிவு. தாமதித்தால் அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். டிசி கைக்கு வரவில்லை என்பதற்காகப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவும் கூடாது. இது தெரியாமல் பழைய பள்ளி வாசலில் வாரக்கணக்கில் காத்துக் கிடப்பவர்கள் நிறையப் பேர்.

வாய்மொழியாகக் கேட்டதற்குச் சாட்சி இல்லை என்பதால்தான் பல புகார்கள் தோற்கின்றன. மனுவை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் முத்திரை, தேதி, கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்க மறுத்தால், சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி தபாலில் அனுப்பலாம். பிள்ளையின் பெயர், வகுப்பு, நடந்த தேதி, கேட்பது என்ன, இவ்வளவு போதும். "அராஜகம்", "ஆணவம்" போன்ற சொற்கள் எதிர்த்தரப்புக்குத்தான் உதவும். பள்ளியில் தீரவில்லை என்றால் 32ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்துமூலம் புகார் தரலாம். இரு தரப்பையும் விசாரித்து 3 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் திருப்தியில்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு.

அரசு, உதவி பெறும் பள்ளிகளில் மேலாண்மைக் குழு என்ற வழியும் உண்டு. உறுப்பினர்களில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதி பெண்கள். கூட்டத்துக்கு வரும் அம்மாக்கள் தீர்மானப் பதிவேட்டில் காட்டிய இடத்தில் கையெழுத்திட்டுப் போய்விடுகிறார்கள். மேலே எழுதியிருப்பதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்பவர் ஒருவர் இருந்தாலும் அடுத்த கூட்டத்துக்குள் கழிப்பறைக்குத் தண்ணீர் வந்துவிடுகிறது.