2 அங்குலத்தில் கவிழ்ந்த கேபிள்

அமெரிக்காவின் லூயிவில் நகரில் 2017-ல் இன்டர்நெட் கேபிள் பதிக்க கூகுள் ஃபைபர் நிறுவனம் ரோட்டைக் கீறிய ஆழம் ஏறக்குறைய 2 அங்குலம்தான். மேலே ரப்பர் போன்ற சீலன்ட். கொஞ்ச நாளில் அது பெயர்ந்து வர, கேபிள் வெளியே தலைகாட்டியது. 2019 ஏப்ரலில் சேவையையே மூடிவிட்டுக் கிளம்பினார்கள். ரோட்டைச் சரிசெய்ய நகராட்சிக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டது 38.4 லட்சம் டாலர். தோண்டும் செலவில் மிச்சம் பிடித்த லட்சணம் இது.

தேய்ந்த தாரை மில்லிங் மெஷின் சுரண்டும்போது ஒன்றரை, இரண்டு அங்குலம் போய்விடும். கேபிள் அதற்குக் கீழே, தார் அடுக்கையும் தாண்டி இருக்க வேண்டும். அதனால்தான் மைக்ரோ டிரெஞ்ச் (கேபிள் பதிக்க ரோட்டில் போடும் ஒல்லியான வெட்டு) என்றால் பொதுவாக 8 முதல் 16 அங்குல ஆழம், 1 முதல் 2 அங்குல அகலம்.

வெட்டுவதற்கு முன் ரேடார் ஓட்டி, தண்ணீர், கேஸ், மின்சார லைன்களைப் பெயின்டால் குறித்துவிட வேண்டும். ரம்பத்தோடு வேக்யூம் கட்டாயம்: சிலிக்கா தூசி நுரையீரலுக்குக் கேடு, வெட்டில் தங்கும் தூசி நிரப்புக் கலவையை ஒட்டவிடாது. ஈரமாக வெட்டினால் அதே தூசி சேறாகி அடியில் படியும்.

மூலையில் 90 டிகிரி திருப்பம் கூடாது. நேர்வெட்டுகள் இரண்டையும் 45 டிகிரிச் சாய்வெட்டால் இணைக்க வேண்டும். டக்ட் (ஃபைபர் கேபிள் போகும் குழாய்) மடங்கினால், கம்ப்ரசர் வைத்து ஊதும் ஃபைபர் அங்கேயே நின்றுவிடும். வெட்டுகள் குறுக்கே சந்தித்தால் நடுவில் நிற்கும் முக்கோணத் தார்த்துண்டு லாரிச் சக்கரத்துக்கு உடைந்துவிடும்.

பலரும் கோட்டைவிடுவது நிரப்பும்போதுதான். பிளாஸ்டிக் டக்ட் லேசானது, சிமென்ட் கலவை கனமானது. ஒரே மூச்சில் ஊற்றினால் டக்ட் மிதந்து மேலே வந்துவிடும். முதலில் டக்டை ஃபோம் கயிறு வைத்து அடியோடு அழுத்தி, டக்ட் மூடும் அளவுக்கு மட்டும் ஊற்றி, இறுகிய பிறகு மீதியை ஊற்றலாம். மேலே ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் விட்டு, சூடான தார் மாஸ்டிக்கால் (தார் கலந்த அடைப்புப் பசை) அடைக்க வேண்டும். ஈரம் இருக்கும்போது அடைத்தால் ஒட்டாது. நடுவில் மழை வந்தால் வேலையை நிறுத்திவிடுவதே மேல்.

கலவை ஊற்றுமுன் டக்டுக்குள் ஒரு பந்தை ஊதிப் பார்த்துவிடுங்கள். அது மறுமுனைக்கு வராவிட்டால் நசுங்கிய இடத்தை அப்போதே மாற்றலாம். இறுகிய பிறகு தெரிந்தால் மறுபடி ரம்பம்தான்.