கலாமை எதிர்த்து நின்ற டாக்டரம்மா

2002 ஜூலை. அப்போது எனக்குச் சிங்கப்பூர் துவாஸில் கப்பல் பட்டறை வேலை. அப்துல் கலாம் ஜனாதிபதியாக ஜெயித்த செய்தி வந்ததும் தேக்கா கோப்பிக் கடையில் மேசையில் இருந்த எல்லாருக்கும் தே தாரே வாங்கிக் கொடுத்தேன். நம்ம ராமேசுவரத்துக்காரர் ஆச்சே! எதிர்த்து நின்றது யார் என்று ஒருத்தன் கேட்டான். “யாரோ கம்யூனிஸ்ட் பாட்டியாம்” என்றேன்.

அந்தப் பாட்டி கேப்டன் லட்சுமி என்பது பல வருடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. சென்னையில் 1914இல் பிறந்தவர். அம்மா அம்மு சுவாமிநாதன் அரசியல் நிர்ணய சபையில் இருந்தவர். மகள் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, 1940இல் இங்கே சிங்கப்பூருக்கு வந்து, இந்தியக் கூலித் தொழிலாளர்களுக்கு வைத்தியம் பார்த்தார். 1943 ஜூலையில் நேதாஜி வந்து இறங்கினார். டாக்டர் கிளினிக்கை விட்டுவிட்டு, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) பெண்கள் படையான ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றார். அந்தப் படைக்கு முகாம் போட்டது வாட்டர்லூ ஸ்ட்ரீட்டில். அக்டோபரில் கேத்தே கட்டடத்தில் நேதாஜி அறிவித்த சுதந்திர இந்தியத் தற்காலிக அரசில் இவர் ஒருவர்தான் பெண் அமைச்சர்.

எனக்கு வெட்கமாக இருப்பதற்குக் காரணம் எங்கள் ஆயா. மலாயாவில், ஜொகூரில் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். படைக்குச் சேர்ந்த பெண்களில் பெரும்பாலோர் இப்படித் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள்தான். ஆயா சேரவில்லை, கைப்பிள்ளை இருந்தது. அதற்குப் பதிலாகக் காதில் கிடந்த தோட்டைக் கழற்றிப் படை நிதிக்குக் கொடுத்துவிட்டார். அப்புறம் துவாரம் தூர்ந்துவிடக் கூடாதே என்று ரொம்ப நாள் வேப்பங்குச்சிதான் செருகியிருந்தாராம். “டாக்டரம்மா பூட்ஸ் போட்டுக்கிட்டு நிக்கும்டா, பாக்கணும் நீ” என்பார். எத்தனை தடவை கேட்டிருப்பேன்! அந்த டாக்டரம்மாதான் தேர்தலில் நிற்கிறார் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை.

இங்கே நம்மவர்களும் சீருடையில் சல்யூட் வைத்த படத்தோடு அவரை நிறுத்திவிடுகிறோம். பர்மாவில் பிடிபட்டு, போர் முடிந்து, 1946இல் இந்தியா திரும்பியபின் அவர் வாழ்ந்தது இன்னும் அறுபத்தாறு வருடம். 1947இல் ஐ.என்.ஏ. அதிகாரி பிரேம் சேகலைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு கான்பூரில் குடியேறி, மறுபடி பிரசவம் பார்க்கப் போய்விட்டார். மார்க்சிஸ்ட் கட்சியில் சேர்ந்தது 1971இல்தான், ஐம்பத்தாறு வயதுக்கு மேல். அதே வருடம் வங்காளதேச அகதிகளுக்கு வைத்தியம். 1984இல் போபால் விஷவாயு. பதவிக்கு அலைந்தவர் மாதிரி தெரியவில்லை, நோயாளி இருக்கிற இடத்துக்கு அரசியலும் பின்னாலேயே போயிருக்கிறது.

ஜனாதிபதி தேர்தலில் தோற்பது நிச்சயம். கலாமுக்கு 9,22,884 வாக்கு மதிப்பு, இவருக்கு 1,07,366. எண்பத்தேழு வயதில் தெரிந்தேதான் நின்றார். தோற்றபின் கிளினிக்குக்குத் திரும்பிவிட்டார். தொண்ணூறு தாண்டியும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். 2012இல் கான்பூரில் இறந்தபோது உடலையும் மருத்துவக் கல்லூரிக்குக் கொடுத்துவிட்டார்.

போன ஞாயிறு எஸ்பிளனேட் பூங்காவில் ஐ.என்.ஏ. நினைவுக்கல் பக்கம் பேத்தியைக் கூட்டிப் போனேன். பழைய நினைவுச் சின்னத்தை 1945இல் பிரிட்டிஷ்காரன் வெடி வைத்துத் தகர்த்தான். இப்போது இருப்பது 1995இல் வைத்த கல். ஆயாவின் தோட்டுக் கதையைச் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “காதுல குச்சி போட்டா வலிக்காதா தாத்தா?”